“இதெல்லாம் நம்மூட்டுக்கு வராது” என்பவர்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது எப்படி?

பனியன் கம்பெனி சாப்பாட்டு இடைவேளையிலோ, மகளிர் குழுக் கூட்டத்திலோ, ரெட் ரிப்பன் கிளப் என்ற கல்லூரி மாணவர் எச்.ஐ.வி. விழிப்புணர்வு அமைப்பின் சார்பில் ஒரு கோயில் மண்டபத்திலோ பெண்கள் உடல்நலமும் எச்.ஐ.வி.யும் பற்றி முதல்முறை பேசப் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. தகவலைச் சொல்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை, அதற்குத் துண்டுப் பிரசுரமே போதும். கேட்டுக்கொண்டிருந்த பெண் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிப் படியேறிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பேச்சு ஜெயித்ததா தோற்றதா என்பது அங்கேதான் தெரியும்.

பெரும்பாலான பேச்சுகள் முதல் நிமிடத்திலேயே தோற்றுப்போகின்றன. எச்.ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்பவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்: “அது அந்த மாதிரி ஆளுங்களுக்கு, நமக்கெதுக்கு?” அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் வேறு யாருக்கோ சொல்வதாகிவிடுகிறது. கொங்குப் பகுதியில் இந்தக் கணக்குக்குத் தனி வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா செய்த ஆய்வு அது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாமக்கல் வட்டாரத்தின் பெயர் இதோடு சேர்ந்து அடிபட, “லாரிக்காரங்க நோவு” என்ற எண்ணம் இங்கே ஊறிவிட்டது. தறிக்காரர், தோட்டக்காரர், பனியன் தொழிலாளி எல்லாரும் தங்களுக்கு இது சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். லாரி, ரிக் வண்டி (போர்வெல் போடும் வண்டி) குடும்பங்களோ பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. புதிதாகப் பேசப் போகிறவர் உடைக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

முதலில் ஒரே ஒரு வேண்டுகோள்

பேச்சை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இந்தக் கூட்டம் முடிந்ததும் இவர்கள் என்ன செய்ய வேண்டும்? “விழிப்புணர்வு பெற வேண்டும்” என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அதை யாரும் செய்து காட்ட முடியாது.

முப்பது வயது தாண்டிய பெண்கள் நிறைந்த குழு என்றால்: கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகும் அன்றே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது. புதிதாகக் கல்யாணமானவர்கள், கர்ப்பிணிகள் என்றால்: மாசமானது தெரிந்ததும் பதிவு செய்து, முதல் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் எடுப்பது. லாரி, ரிக் குடும்பங்கள் என்றால்: கணவனும் மனைவியும் சேர்ந்தே நம்பிக்கை மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கும் அரசு மையத்துக்கு, போவது. மில் விடுதியில் இருக்கும் இளம்பெண்கள் என்றால்: வெள்ளைப்படுதல், புண், அரிப்பு இருந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுவது. பால்வினைத் தொற்று இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும் என்பதால் இதுவும் நம் விஷயம்தான்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் போதும். மூன்றைக் கேட்டால் எதுவும் நடக்காது.

இடமும் நேரமும்

மகளிர் குழுவில் சேமிப்புப் பணம் எழுதி முடித்து, கடன் பேச்சு தொடங்குவதற்கு முன் நேரம் கேளுங்கள். பணம் எழுதும்போது எல்லார் கவனமும் நோட்டில் இருக்கும். கடன் முடிவானதும் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசரோ, விடுதியில் வார்டனோ பக்கத்தில் நின்றால் ஒரு கேள்வியும் வராது. அவர்களிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி, பேச்சு நேரத்தில் வெளியே இருக்கச் சொல்லுங்கள். திருப்பூர், பெருந்துறைப் பக்கம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களையும் தமிழ்க் கூட்டத்தில் உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவதில் பயனில்லை. அவர்கள் மொழி தெரிந்த பெண் ஒருவரை வைத்துத் தனிக் கூட்டம் போடுங்கள்.

மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் மருமகள் வாயே திறக்க மாட்டாள். “ஐம்பதுக்கு மேல இருக்கறவங்க இந்தப் பக்கம் வாங்கம்மா, உங்களுக்கு வேற சேதி இருக்குது” என்று பிரித்து உட்காரவைக்கலாம். சொன்னபடி அவர்களுக்கும் சேதி இருக்க வேண்டும். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ பார்க்க நர்சம்மா ஒருவர் உடன் வந்தால் நல்லது.

கையில் இருக்க வேண்டிய விவரம்

எச்.ஐ.வி. பரவும் வழிகள் நான்கு: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. கொசுக்கடி, சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறை ஆகியவற்றால் பரவாது.

ஆண், பெண் உடலுறவில் தொற்றும் வாய்ப்பு ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதல். யோனியின் உட்சவ்வுப் பரப்பு பெரியது, விந்து அங்கே நெடுநேரம் தங்குகிறது. இது உடம்பின் அமைப்பு, நடத்தையின் கணக்கு இல்லை. இந்த ஒரு வரியை நிதானமாகச் சொல்லுங்கள்.

சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 100க்கு 15 முதல் 45 வரை தொற்றலாம். தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்ததிலிருந்து மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே வந்துவிடும். வைரஸை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துக்கு ஏ.ஆர்.டி. என்று பெயர். இந்தியாவில் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். இப்போது பெரும்பாலானோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. நாள் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்குத் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பிவிடும்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. பெண்கள் உடல்நலத்தையும் எச்.ஐ.வி.யையும் ஒரே பேச்சில் கட்டும் முடிச்சு இதுதான். பல புதியவர்கள் இதை விட்டுவிட்டு ரத்தசோகையில் தொடங்கி எங்கெங்கோ போய்விடுகிறார்கள்.

பன்னிரண்டு நிமிடப் பேச்சு

பன்னிரண்டு நிமிடம் பேச்சு, குறைந்தது பதினைந்து நிமிடம் கேள்வி. இதைத் தலைகீழாக்கினால் கூட்டம் கொட்டாவி விடும்.

முதல் நிமிடத்தில் எச்.ஐ.வி. என்ற சொல்லே வர வேண்டாம். அது வந்ததும் ஒவ்வொருவரும் தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவர்கள் நர்சம்மாவிடம் காதோடு காதாகக் கேட்கும் விஷயத்தில் தொடங்குங்கள்:

“ஏனுங்கக்கா, வெள்ளைப்படுதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எத்தனை பேருன்னு நான் கேக்க மாட்டனுங்க. போகோணும்னு நெனச்சு ஆறு மாசமா தள்ளிப்போட்டவங்க இருப்பீங்க. இன்னைக்கு அதப் பத்தித்தான் பேசப் போறோம்.”

இதில் கை தூக்கச் சொல்லவில்லை, யாரையும் சுட்டவில்லை. கேட்பவர் தன்னையே அடையாளம் கண்டுகொள்ள இடம் இருக்கிறது.

இரண்டாம் நிமிடத்திலிருந்து நான்காவது வரை கருப்பைவாய்ப் பரிசோதனை. வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, ஊசியோ கத்தியோ கிடையாது என்று செய்முறையையே சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். அதிலிருந்து ஆறு மடங்குக் கணக்குக்கு வாருங்கள். இப்போது எச்.ஐ.வி. என்ற சொல் தன் இடத்தில் வந்து உட்காரும். ஏழாவது நிமிடம் வரை எப்படிப் பரவும், எப்படிப் பரவாது. அதற்குமேல் அதை இழுக்க வேண்டாம்.

ஏழிலிருந்து பத்து வரை, தொற்று இருந்தால் என்ன ஆகும் என்பது. பேச்சின் கனமான பகுதி இது, பரிசோதனைக்கு அழைக்கும் முன்பே வந்துவிட வேண்டும். வெளியேறும் வழியைக் காட்டாமல் பயத்தை மட்டும் ஏற்றினால், மனிதர்கள் “தெரியாம இருந்துட்டா நிம்மதி” என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்து மண்டையோட்டுப் படங்கள் இதைத்தான் செய்தன. நினைவில் நின்றன, ஆனால் பலரைப் பரிசோதனைக்கு வரவிடாமல் தடுத்தன. ஒரு மாத்திரை, வேலைக்குப் போவது, தொற்றில்லாத குழந்தை பெறுவது என்று அன்றாட வாழ்க்கையைச் சொல்லுங்கள்.

கடைசி இரண்டு நிமிடம் வேண்டுகோள். எந்த ஆஸ்பத்திரி, எந்த அறை, எந்த நாள், எந்த பஸ், எத்தனை மணி நேரம் ஆகும், காசு உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைத்திருக்க வேண்டும். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள். அன்று கூட்டம் அதிகம் என்றால் வேறு நாள் சொல்லுங்கள். நம்பிக்கை மையத்தில் நடப்பதை வரிசையாகச் சொல்லலாம்:

“மொதல்ல ஒரு அக்கா தனி ரூம்ல உக்கார வெச்சுப் பேசுவாங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் ரத்தம் எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கே ரிசல்ட் சொல்லிருவாங்க. ஒரு டெஸ்டுல இருக்குதுன்னு வந்தா அதோட முடிவு பண்ண மாட்டாங்க, வேற வேற கிட்ல மொத்தம் மூணு தடவை பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க. எல்லாம் இலவசங்க.”

கணவன் பேச்சை எடுப்பது

இந்தப் பேச்சு அதிகம் சறுக்கும் இடம் இது. நிறையப் பெண்களுக்குத் தொற்று கணவர் வழியாகவே வந்தது என்பது உண்மை. அந்த உண்மையை, “உங்கூட்டுக்காரரு வெளியூர் போனா என்ன பண்றாருன்னு தெரியுமா?” என்று கேட்டால் என்ன நடக்கும்? முன்வரிசையில் ஒரு சிரிப்பு, பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து போவார், ராத்திரி நாலு வீட்டில் சண்டை. அடுத்த கூட்டத்துக்கு ஆண்களே அனுப்ப மாட்டார்கள். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: பரிசோதனைக்குப் போவதே கணவனைச் சந்தேகப்படுவதாக ஊர் எடுத்துக்கொள்ளும். பிறகு ஒருத்தி போக நினைத்தாலும் முடியாது.

பரிசோதனையைச் சந்தேகத்திலிருந்து பிரித்து, வழக்கத்தோடு சேருங்கள்:

“மாசமா இருந்தா சக்கரை பாக்கறோம், ரத்தம் எத்தனைன்னு பாக்கறோம். அதே ரத்தத்துல இதையும் பாக்கறாங்க. யாரும் தப்புப் பண்ணுனாங்கன்னு இல்லீங்க, எல்லாத்துக்கும் பாக்கறதுங்க.”

இதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிரசவப் பரிசோதனையால் பல குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியவரும். முதலில் தெரிந்தவள் மேலேயே பழி விழும்: “இவதான் கொண்டாந்தா.” அதனால் தம்பதிகளிடம் பேசும்போது சேர்ந்து போகச் சொல்வதே பாதுகாப்பு. வீட்டில் அடி உதைக்குப் பயப்படும் பெண்ணிடம் “வீட்ல சொல்லிருங்க” என்று மேடையிலிருந்து அறிவுரை சொல்லாதீர்கள். யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவி, குற்றவாளி என்று பிரிக்காதீர்கள்

கண்ணீர் வரவைக்கும் எளிய வழி, “பாவம், ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு” என்று தொடங்குவது. கூட்டம் உருகும். ஆனால் அந்த வரி கூட்டத்தை இரண்டாகக் கிழித்துவிடுகிறது. தன் வாழ்க்கையில் ஒரு சின்ன ரகசியம் வைத்திருக்கும் பெண், தான் அந்த “ஒரு தப்பும் பண்ணாத” வரிசையில் இல்லை என்று முடிவு செய்து அமைதியாகிவிடுவாள். பரிசோதனை அதிகம் தேவைப்படுவது அவளுக்காக இருக்கலாம்.

இதற்கு நல்ல பாடம் 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கிடைக்கிறது. குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசிய மேரி ஃபிஷர், வசதியான கட்சிக் குடும்பத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், திருமண வாழ்வில் தொற்று பெற்றவர். அரங்கில் இருந்தவர்கள் அவரை மட்டும் அப்பாவி என்று ஏற்கத் தயாராகவே இருந்திருப்பார்கள். அவர் அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் குழாய்களோடு போராடும் கறுப்பினக் குழந்தையோடும், வீட்டார் ஒதுக்கிய ஓரினச்சேர்க்கை ஆணோடும் தானும் ஒன்று என்று அதே மேடையில் சொன்னார். கேட்பவர்கள் யாரைத் தங்களில் ஒருவர் என்று நினைத்தார்களோ, அவரே அவர்கள் தள்ளிவைத்தவர்களின் பக்கம் போய் நின்றார். “அது அந்த மாதிரி ஆளுங்களுக்கு” என்ற கணக்கு அங்கே உடைந்தது.

நம் பக்கமும் இப்படிப்பட்டவர் உண்டு. நாமக்கல் பகுதியில் வளர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்று பெற்றவர், தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசியவர். எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கான அமைப்பை 1998இல் மற்றப் பெண்களோடு சேர்ந்து தொடங்கியவர்.

அதற்காக உள்ளூரில் ஒரு பெண்ணைப் பிடித்து மேடையேற்றிவிடக் கூடாது. சொந்தக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு மட்டுமே. கூட்டம் முடிந்து அவர் பஸ் ஏறிப் போகவேண்டிய ஊர் இது. பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது. விருப்பம் இருந்தால் வேறு மாவட்டக் கூட்டத்தில், படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பேசவையுங்கள். எடுத்துக்காட்டுக் கதை சொல்லும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். “பக்கத்து ஊரு ரிக் வண்டிக்காரர் சம்சாரம்” என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், ஒறம்பரை (சொந்தபந்த) முறை வைத்து நாலு பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண்டுபிடித்தது தப்பான ஆளாகவும் இருக்கலாம். “ஒருத்தர்னு வெச்சுக்கலாங்க” என்று கற்பனைக் கதை என்பதை வெளிப்படையாகச் சொல்லியே தொடங்குங்கள்.

சொற்களில் இரண்டே எச்சரிக்கை. எய்ட்ஸ் என்பது எச்.ஐ.வி. தொற்று முற்றிய நிலை; தொற்று இருப்பவர் எல்லாருக்கும் எய்ட்ஸ் இல்லை, அதனால் “எய்ட்ஸ் நோயாளி” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “ஒழுக்கம்” என்ற சொல்லைப் பேச்சு முழுக்கவே தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி நேரம்

கைதூக்கிக் கேட்கச் சொன்னால் கொசுவைப் பற்றி மட்டும் கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டுச்சீட்டு, ஒரே நிறப் பென்சில் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் ஒரு கோடு போட்டு மடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். எழுதத் தெரியாதவர்களுக்காகக் கூட்டம் முடிந்ததும் கால்மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். முக்கியமான கேள்விகள் அங்கேதான் வரும்.

அடிக்கடி வருபவை சில. “போன வாரம் நடந்ததுக்கு இன்னைக்கு டெஸ்ட் பண்ணுனா தெரியுமா?” தெரியாமல் போகலாம். வெத போட்ட அன்னைக்கே மொளை தெரியாதுங்க என்று சொன்னால் புரியும். ஒருமுறை பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் ஆபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனால் தொற்றாமல் தடுக்கும் மருந்தை 28 நாளைக்குக் கொடுப்பார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கும் இது பொருந்தும் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

“கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாங்களா?” 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது, சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ விவரத்தை வெளியே சொல்லவோ கூடாது, தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது அது.

“நாட்டு மருந்துல குணமாயிருமாமா?” வைரஸை உடம்பிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து எந்த முறையிலும் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. அதை நம்பி ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. சித்த மருத்துவத்தைக் கேலி செய்யாமல் இதைச் சொல்லுங்கள். கேலி செய்தால் பாட்டிமார் மொத்தமாகக் கைவிட்டுப் போவார்கள்.

“நம்மூர்ல யாருக்கு இருக்குது?” இதற்கு ஒரே பதில்: “தெரிஞ்சாலும் சொல்ல மாட்டனுங்க. நாளைக்கு உங்களப் பத்தி யாராவது கேட்டாலும் இதேதான் சொல்லுவனுங்க.” இந்தப் பதிலைக் கேட்டதும் கூட்டம் ஒரு கணம் அடங்கும். உங்களை நம்பலாம் என்று அவர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதில் தெரியாத கேள்விக்கு 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணைக் கொடுங்கள். ஊகித்துச் சொல்லாதீர்கள்.

கூட்டம் முடிந்த பின்

உற்சாகத்தில் “எல்லாரும் வரோம்னு கை தட்டுங்க” என்று கூட்டாக உறுதி வாங்க ஆசை வரும். வேண்டாம். வராத ஒருத்தி மேல் மறுநாளே சந்தேகம் விழும். அதே காரணத்துக்காக யார் போனார்கள் என்று குழுத் தலைவியிடம் கேட்காதீர்கள், வருகைப் பதிவேட்டில் குறி போடவும் விடாதீர்கள். போக விரும்புபவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து போகலாம், கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு என்றே சொல்லிக்கொண்டு போகலாம். முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டதன் பலன் இங்கே தெரியும்.

பலன் இருந்ததா என்று பார்க்க, கூட்டத்துக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் எத்தனை பெண்கள் தாமாகப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்ற மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பிக்கை மைய ஆலோசகரிடம் கேளுங்கள். ஊர், பெயர், முடிவு எதுவும் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. எண்ணிக்கை கூடவில்லை என்றால் பேச்சைத் திருத்துவதற்கு முன் வழியைப் பாருங்கள். பஸ் நேரம் ஒத்துவரவில்லையா, மையம் மூடும் நேரத்தில்தான் ஷிப்ட் விடுகிறதா, ஆண்கள் நிற்கும் வரிசையைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டியிருக்கிறதா என்று ஒருநாள் நீங்களே அந்த வழியில் போய்ப் பாருங்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் மட்டும் கேட்டு வாங்கி, மாறிய நேரத்தையும் வழியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.